இரவல் வேரில் பிழைக்கும் கள்ளி நாற்றுகள்

கேமரன் மலைக்குப் போய்வந்த மாணவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை நிறத்தில் முக்கோண வடிவிலான ஒரு தண்டு. அதன் உச்சியில் குங்குமச் சிவப்பிலோ மஞ்சளிலோ ஆரஞ்சு நிறத்திலோ முள் வைத்த ஒரு சின்ன உருண்டை. சிறு தொட்டிகளில் வரிசையாக அடுக்கி விற்பார்கள். பலர் அந்த உருண்டையைப் பூ என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாயம் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. இரண்டுமே சரியல்ல. அந்தத் தொட்டியில் இருப்பது ஒரு செடியல்ல, இரண்டு செடிகள்.

மேலே இருப்பது ஒரு கள்ளி. கீழே இருப்பது வேறு இனக் கள்ளி. மேலே இருப்பதற்குப் பச்சையம் கிடையாது. தனியாக எடுத்து மண்ணில் நட்டால் அது பட்டுப்போகும். கீழே உள்ள பச்சைத் தண்டு தனக்குச் சமைக்கும்போது மேலே இருப்பதற்கும் சேர்த்துச் சமைத்துப் போடுகிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு உருண்டை உயிரோடு இருக்கிறது.

நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. போன ஆண்டு விடுமுறையில், கள்ளி வளர்க்கும் நண்பர் ஒருவர் தம் செடியில் காய்த்த பழத்திலிருந்து எடுத்துத் தந்த 60 விதைகளை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் விதைத்தேன். 41 முளைத்தன. அவற்றில் 38 பச்சை. ஒன்று மஞ்சள், இரண்டு இளஞ்சிவப்பு. பெட்டியைத் திறந்து பார்த்த வீட்டார் எல்லாரும் அந்த மூன்றையும்தான் அழகு என்றார்கள். ஆனால் அந்த மூன்றுக்கும் கிடைத்திருந்த அவகாசம் சில வாரங்கள் மட்டுமே.

சமையலறை இல்லாத வீடு

விதைக்குள் முளைக்குத் தேவையான உணவு கொஞ்சம் சேமிப்பில் இருக்கும். பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம் போல. அது தீர்வதற்குள் நாற்று தன் சொந்தச் சமையலைத் தொடங்கிவிட வேண்டும். ஒளிச்சேர்க்கை என்று நாம் படிப்பது அதைத்தான். பச்சையத்தை உருவாக்கும் மரபணுக்களில் ஏதோ ஒன்று பழுதாகிப் பிறந்த நாற்றுக்கு அந்தச் சமையலறையே இல்லை. தண்ணீர் ஊற்றலாம், உரம் போடலாம், வெளிச்சத்தில் வைக்கலாம். எதுவும் உதவாது. பொட்டலம் தீர்ந்ததும் நாற்று சுருங்கிவிடும்.

பச்சை இல்லாவிட்டால் வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும், சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கள்ளிக் குடும்பத்துச் செடிகளில் பீட்டாலைன் என்ற நிறமிகள் உண்டு. சிவப்பு டிராகன் பழத்தைத் தின்ற பிறகு நாக்கில் ஒட்டிக்கொள்கிறதே, அதே வகை நிறமி. பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் இருப்பதும் அதுதான். ரோஜாவையும் செம்பருத்தியையும் சிவப்பாக்கும் ஆந்தோசயனின் கள்ளியில் கிடையாது. பச்சையம் நிறைந்த நாற்றில் இந்தச் சிவப்பு அடங்கிக் கிடக்கும். பச்சை இல்லாத நாற்றில் அது வெளியே தெரிகிறது.

பிறவியா, நோயா?

நிறம் மாறிய நாற்றைக் கண்டவுடன் பிளேடைத் தேடக் கூடாது. நிறம் மாறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒட்டுப் போட வேண்டிய தேவையே இல்லை.

பச்சையாக இருந்த நாற்று வெயில் படும் பக்கம் மட்டும் சிவந்தால் அது வெயிலின் வேலை. நிழலுக்கு மாற்றினால் மெல்லப் பச்சை திரும்பும். வெளிறிப்போய், ஒல்லியாக, வெளிச்சம் வரும் திசையில் நீண்டு வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். மேல்தோலில் துருப்பிடித்ததுபோல் நுண்ணிய புள்ளிகள் தெரிந்தால் சிலந்திப் பேன் வந்திருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்துக் கண்ணாடி போல் ஆகி நாற்று சாய்ந்தால் அது பூஞ்சையால் வரும் நாற்றழுகல். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்த நம் நாட்டில் விதைப் பெட்டிக்கு முதல் எதிரி இதுதான்.

பிறவியிலேயே பச்சையம் இல்லாத நாற்றை அடையாளம் காண்பது எளிது. முளைத்த நாள் முதலே அதில் பச்சை இருக்காது. பக்கத்தில் இருக்கும் உடன்பிறப்புகள் எல்லாம் பச்சையாக இருக்க, இது மட்டும் வேறு நிறத்தில் நிற்கும்.

ஆக, பிளேடு தேவைப்படும் நாற்றுகள் மூன்று வகை. பச்சையமே இல்லாதவை ஒன்று. வேர் அழுகி, தலை மட்டும் இன்னும் உறுதியாக இருப்பவை இரண்டு. பச்சையாக இருந்தும் மாதக்கணக்கில் வளராமல் அப்படியே நிற்கும் நோஞ்சான்கள் மூன்று. முதல் வகைக்கு ஒட்டு ஆயுள் முழுக்கத் தேவை. மற்ற இரண்டுக்கும் கொஞ்ச காலம் போதும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதாகப் புரியும்.

ஜப்பானில் தொடங்கிய கதை

கேமரன் மலையில் விற்கும் சிவப்பு உருண்டையின் பெயர் ஜிம்னோகேலிசியம் மிஹனோவிச்சி. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் பராகுவே. அங்கே காட்டில் வளரும் செடி சாம்பல் பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். 1941ஆம் ஆண்டில் ஜப்பானில் வத்தனபே என்பவரின் நாற்றுப் பண்ணையில், ஏராளமான நாற்றுகளுக்கு நடுவே சிவப்புப் படிந்த ஒரு சில நாற்றுகள் கண்ணில் பட்டன. அவற்றை ஒட்டுப் போட்டு வளர்த்தார்கள். அந்த வழியில் வந்த முழுச் சிவப்புக் கள்ளிக்கு ஹிபோதன் என்று பெயரிட்டார்கள். ஜப்பானிய மொழியில் செந்நிறப் பியோனிப் பூ என்று பொருள்.

இன்று இவற்றைப் பெருமளவில் உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்யும் நாடு தென் கொரியா. விதை போட்டு இவற்றை உண்டாக்குவதில்லை. சிவப்பு உருண்டையின் பக்கவாட்டில் குட்டி உருண்டைகள் முளைக்கும். அவற்றைக் கிள்ளி எடுத்துப் புதிய பச்சைத் தண்டில் ஒட்டுகிறார்கள். ஆக, அன்று யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் காப்பாற்றிய நாற்றின் உடலே வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி உலகமெங்கும் தொடர்ந்து வருகிறது.

தாத்தாவின் கேள்வி

எங்கள் வீட்டில் ஒட்டுப் போடுவது புதிய சங்கதியல்ல. என் தாத்தா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மொட்டு ஒட்டும் வேலை பார்த்தவர். நல்ல பால் கொடுக்கும் மரத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்து, இளங்கன்றின் பட்டைக்குள் வைத்துக் கட்டுவது அவர் வேலை. நம் முன்னோர் பால் வெட்டிய மரங்களில் பலவும் இப்படி ஒட்டுப் போட்டு வளர்த்தவை. இன்று நாம் விலை கேட்டு மலைக்கும் மூசாங் கிங் டுரியானும் அப்படித்தான். டி197 என்று 1993இல் பதிவான அந்த வகையை விதையிலிருந்து அப்படியே பெற முடியாது, ஒட்டுக்கன்றாகத்தான் பெருக்குகிறார்கள்.

மேசை மேல் நான் பிளேடும் நாற்றுமாக உட்கார்ந்ததைப் பார்த்த தாத்தா, "இந்தப் பொடிசுல எங்கம்மா பட்டை இருக்கு? எதை எதோட ஒட்டுவே?" என்று கேட்டார். கடுகைவிடச் சற்றே பெரிய நாற்று அது. ஆனால் கேள்வி மிகச் சரியான கேள்வி. ஒட்டின் மொத்த ரகசியமும் அதில்தான் இருக்கிறது.

பட்டைக்கும் மரத்துக்கும் இடையே வழவழப்பான மெல்லிய ஓர் அடுக்கு உண்டு. அதுதான் கேம்பியம். தொடர்ந்து பிரிந்து பெருகும் செல்கள் அங்கே இருக்கின்றன. நீரை மேலே ஏற்றும் சைலமும் சர்க்கரையைக் கொண்டுபோகும் ஃபுளோயமும் அந்த அடுக்கிலிருந்தே உருவாகின்றன. இரண்டு செடிகளின் வெட்டுப்பரப்பில் இந்த அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டால், காயத்தை மூடக் கிளம்பும் புதிய செல்கள் கைகோத்து, குழாயோடு குழாயாக இணைந்துவிடும். தொடாவிட்டால் எத்தனை இறுக்கிக் கட்டினாலும் ஒட்டாது.

கள்ளித் தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஒரு வளையம் தெரியும். தாத்தா கேட்ட பட்டை அதுதான். நாற்றின் வளையம் மிகச் சிறியது; கீழே உள்ள தண்டின் வளையம் பெரியது. பெரிய வளையலின் நட்டநடுவில் சிறிய வளையலை வைத்தால் இரண்டும் தொடாது. சிறியதைச் சற்று ஓரமாக நகர்த்தி, பெரியதன் விளிம்பு மேல் ஏறும்படி வைக்க வேண்டும். அப்போது இரண்டு இடங்களில் வளையங்கள் குறுக்கிட்டுக்கொள்ளும். அந்த இரண்டு புள்ளிகள் போதும்.

இதை விளக்கியதும் தாத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஈரம் காயறதுக்குள்ள வெச்சுடணும். மூணு வாரம் கழிச்சு நகத்தால லேசாக் கீறிப் பார்ப்போம். பச்சையா இருந்தா புடிச்சுக்கிச்சுன்னு அர்த்தம்" என்று தன் கணக்கைச் சொன்னார். என் நாற்றில் கீறிப் பார்க்கவும் முடியாது, பச்சையும் வராது என்றதும் சிரித்தார்.

எதன் மேல் எதை ஒட்டலாம்?

எல்லாச் செடியையும் எல்லாவற்றோடும் ஒட்ட முடியாது. உறவு நெருங்கியிருக்க வேண்டும். கள்ளிக் குடும்பத்தில் ஒரு வசதி என்னவென்றால், அக்குடும்பத்து இனங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டில் வேர்ச்செடியாகப் பயன்படுத்த மிக எளிதாகக் கிடைப்பது டிராகன் பழக் கொடி. கேமரன் மலைச் சிவப்பு உருண்டையைத் தாங்கும் முக்கோணத் தண்டும் பெரும்பாலும் அதுதான். குளிர்நாடுகளில் அந்தக் கொடி குளிர் தாங்காமல் வீணாகும். நமக்கு அந்தக் கவலை இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழில் நாம் கள்ளி என்று சொல்லும் எல்லாமே இந்தக் குடும்பம் அல்ல. ஊர்ப்பக்கம் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி போன்றவை வேறு குடும்பம். கீறினால் பால் வடியும். அந்தப் பால் தோலில் எரிச்சல் தரும். கண்ணில் பட்டால் ஆபத்து. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இவற்றின் மேல் கள்ளிக் குடும்பத்து நாற்று ஒட்டாது. எனவே பால் வடிந்தால் அந்தத் தண்டை விட்டுவிடுங்கள்.

செய்முறை

டிராகன் பழக் கொடியில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, வெட்டுக்காயம் உலர ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பிறகு மணல் கலந்த மண்ணில் நட்டு, வேர் பிடித்துப் புதுத்துளிர் விடும்வரை காத்திருங்கள். சிறிய நாற்றுக்கு முற்றிய தண்டு ஆகாது. அந்தப் புதுத்துளிரின் இளம்பகுதிதான் வேண்டும்.

சவர பிளேடும் மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலும் தேவை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் பிளேடைத் துடைக்க வேண்டும். பூஞ்சை ஒரு நாற்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிளேடு வழியாகவே பயணம் செய்யும். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் துளிரின் தலையை ஒரே இழுப்பில் நேராக வெட்டுங்கள். மூன்று விளிம்புகளையும் சாய்வாகச் சீவிவிடுங்கள். வெட்டிய பரப்பு உலரும்போது நடுப்பகுதி உள்வாங்கும். விளிம்பைச் சீவாவிட்டால் அது மேடாக நின்று நாற்றைத் தூக்கித் தள்ளிவிடும். பிறகு மேலே காகித கனத்தில் இன்னொரு வில்லை வெட்டி, அதை எடுக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள். பரப்பு காயாமல் அது மூடியாக இருக்கும்.

அடுத்து நாற்றை வேருக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அழுகல் கண்ட நாற்றாக இருந்தால், வெட்டிய முகத்தில் பழுப்புக் கறை ஏதும் தெரியாத இடம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறை மிச்சமிருந்தால் அழுகலையும் சேர்த்தே ஒட்டியதாகிவிடும்.

இப்போது வில்லையைத் தள்ளிவிட்டு, நாற்றை உடனே வைத்து, வளையங்கள் குறுக்கிடும்படி லேசாக நகர்த்தி, ஈர விரலால் மெல்ல அழுத்துங்கள். அடியில் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது. உணவுப் பாத்திரத்தை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு கீற்றை நறுக்கி மேலே இழுத்து ஒட்டினால் அசையாது. பெரிய துண்டுகளுக்கு ரப்பர் வளையம் போதும். மேலே ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்து, மூன்று நான்கு நாள் நிழலில் வையுங்கள். ஒட்டிய இடத்தில் தண்ணீர் படக் கூடாது. பத்து நாளுக்குள் நாற்று உப்பிப் பளபளப்பானால், புதிய முள் எட்டிப் பார்த்தால், பிடித்துக்கொண்டது.

என் மேசையில் நடந்தது இது. நிறம் கொண்ட மூன்றில் இரண்டு சிவப்பும் பிழைத்தன. மஞ்சள் நாலாம் நாள் உலர்ந்துவிட்டது. நோஞ்சான் பச்சை நாற்றுகள் நான்கை ஒட்டினேன், மூன்று பிடித்துக்கொண்டன. ஐந்து மாதத்தில் அந்த மூன்றும் கோலிக்குண்டு அளவுக்கு வந்தன. மண்ணில் நின்ற அவற்றின் உடன்பிறப்புகள் அப்போது பட்டாணி அளவில்தான் இருந்தன.

எத்தனை காலம் தாங்கும்?

ஒட்டுப் போட்ட பச்சை நாற்றை என்றென்றும் அப்படியே வைத்திருக்க வேண்டியதில்லை. உடம்பு தேறியதும் அதை வெட்டி எடுத்து, காயத்தை இரண்டு வாரம் உலர்த்தி, மணல் மிகுந்த உலர்ந்த கலவையில் வைத்தால் சொந்த வேர் விடும். என் மூன்றில் ஒன்றை அப்படி இறக்கி வைத்திருக்கிறேன்; வேர் விட்டு நிற்கிறது. மற்ற இரண்டும் தங்கள் முறைக்காகக் காத்திருக்கின்றன.

சிவப்பு நாற்றுகளுக்கு அந்த வழி இல்லை. அவற்றை இறக்கினால் பட்டினிதான். அதிலும் டிராகன் பழத் தண்டு ஒருவிதமாகவும் மேலே உள்ள உருண்டை வேறுவிதமாகவும் வளர்வதால், சில ஆண்டுகளில் இணைப்பு தளர்ந்துவிடும் அல்லது தண்டு சோர்ந்துவிடும். கடையில் வாங்கிய சிவப்புக் கள்ளி நீண்ட நாள் நிற்பதில்லை என்று பலர் குறைப்படுவதற்கு இதுவே காரணம். அடித்தண்டு மஞ்சளாகி மெலியத் தொடங்கினால் காத்திருக்காதீர்கள். உருண்டையையோ அதன் குட்டியையோ எடுத்துப் புதுத் தண்டில் மறுபடி ஒட்டுங்கள். இதை ஏற்றுக்கொண்டவர்கள்தான் சிவப்பு நாற்றைக் காப்பாற்ற முன்வர வேண்டும். ஒரு முறை பிளேடு எடுத்தால் வேலை முடிவதில்லை. சில ஆண்டுக்கு ஒருமுறை புதுத் தண்டு தேடித் தரும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

இந்தச் சார்பு சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதுமாக இடம்பெற்றுள்ளது. ஆனால் செயற்கையாகப் பெருக்கி, டிராகன் பழக் கொடி போன்ற குறிப்பிட்ட சில வேர்ச்செடிகளில் ஒட்டப்பட்ட, நிறம் மாறிய கள்ளிகளுக்கு அதில் விலக்கு உண்டு.

மேசைக்கு வெளியே

இது பொழுதுபோக்குதானே என்று நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலாக்செரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களின் வேர்களை அழித்தபோது, அதைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டியே அவற்றை மீட்டார்கள். மண்ணிலிருந்து வரும் வாடல் நோயைத் தவிர்க்க, ஜப்பானிய உழவர்கள் 1920களிலிருந்தே தர்ப்பூசணியைப் பூசணி, சுரை வேர்களில் ஒட்டி வருகிறார்கள்.

நெல், வாழை, செம்பனை போன்ற ஒருவித்திலைத் தாவரங்களில் தாத்தா சொன்ன அந்தக் கேம்பிய அடுக்கு இல்லை. அதனால் அவற்றை ஒட்டவே முடியாது என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விதைக்குள் இருக்கும் கருவின் இளந்திசுவைப் பயன்படுத்திக் கோதுமையை ஓட்ஸ் வேரில் ஒட்டிக் காட்டினார்கள். வேரில் நோய் தாக்கும் பயிர்களுக்கு இது எத்தனை பெரிய கதவு என்று யோசித்துப் பாருங்கள். உயிரியல், வேளாண்மை படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது.

தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. டிராகன் பழக் கொடி வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் கேட்டால் ஒரு துண்டு தருவார்கள். விதையை உள்ளூரில் வளர்ப்பவரிடமே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து விதையோ செடியோ வரவழைக்க அனுமதி பெற வேண்டும். பள்ளி அறிவியல் கழகத்தில் செய்வதாக இருந்தால், ஒரே பெட்டியில் முளைத்த நாற்றுகளில் பாதியை ஒட்டி, மீதியை மண்ணிலேயே விட்டு, வாரம் ஒருமுறை அளவெடுத்துக் குறித்து வாருங்கள். நான்கு மாதத்தில் உங்களுக்கே சொந்தமான ஒரு வரைபடம் கையில் இருக்கும். முளைவிட்ட முதல் வாரத்திலேயே பச்சை இல்லாத நாற்றை அடையாளம் கண்டு தேதியைக் குறித்துவிடுங்கள். வேர்ச்செடி தயாராக இருந்தால், சேமிப்பு தீர்வதற்குள் அதைக் காப்பாற்ற நேரம் இருக்கிறது.